மப்பு நாளில் இடம் மாறிய பதிவுகள்

வன்தட்டு சுழலத் தொடங்கும் சத்தத்தை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகக் கேட்க முடியாது. முதலில் ஒரு முனகல் வரும். பிறகு மெல்லிய சீறல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். அது ஒரே சீராக வந்ததும் உள்ளே ஏதோ ஒன்று 'டிக்' என்று தட்டும். அந்தத் தட்டுக் கேட்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

போர் நிறுத்தத்தோடு வன்னிக்கான பாதை திறப்பதற்கு முந்திய மாரிகாலம் அது. உடையார்கட்டில் ஒரு கல்வீட்டின் முன்னறையில் எங்கள் சிறிய சுகாதார அலுவலகம் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்து, கடைசி வருடத்தை விட்டுவிட்டு வன்னிக்கு வந்தவள். கணவர் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்தார். மகளுக்குப் பத்து மாதம். அலுவலகத்துக் கூரை வளையில் என் பழைய சேலையால் ஏணை கட்டி அவளைக் கிடத்திவிட்டு, காலில் ஒரு கயிற்றைக் கோத்து ஆட்டிக்கொண்டே வேலை செய்வேன். ஆட்டம் நின்றால் அவள் எழும்புவாள். ஆட்டிக்கொண்டே இருந்தால், மூச்சு வருகிறதா என்று எனக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் கயிற்றை நிறுத்தி, சேலையை விலக்கிப் பார்த்து, மறுபடி ஆட்டுவேன்.

மலேரியாக் காய்ச்சல் கண்ட சிறுவர்களின் பதிவேடு என் பொறுப்பு. அந்தக் காய்ச்சலுக்கு இரண்டு வகை மாத்திரை கொடுப்பார்கள். முதலாவது காய்ச்சலைத் தணிக்கும். இரண்டாவது, ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்வதற்கு, நாள் கணக்காகக் குடிக்க வேண்டியது. சில பிள்ளைகளின் இரத்தத்துக்கு அந்த இரண்டாவது மாத்திரை ஒத்துக்கொள்ளாது. குடித்தால் இரத்தம் உடைந்து, பிள்ளை பெய்யும் சலம் தேயிலைச் சாயம் போலக் கறுக்கும். கவனிக்காமல் விட்டால் பிள்ளை தப்பாது. எந்தப் பிள்ளைக்கு முன்பு அப்படி வந்தது என்று தாதிமார் கேட்டறிந்து, படிவத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு அனுப்புவார்கள். நான் அதைக் கணினியில் ஏற்றி, ஊர் ஊராகப் பட்டியல் அச்சிட்டுக் கொடுப்பேன். பட்டியலில் பெயருக்கு எதிரே நட்சத்திரம் இருந்தால் இரண்டாவது மாத்திரை கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான் என் வேலை. ஒரு நட்சத்திரம் சரியான பெயருக்கு எதிரே விழவேண்டும்.

கணினி என்றால், வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்த மடிக்கணினி. அதன் சொந்தப் பற்றரி செத்துப்போயிருந்தது. பழைய உழவு இயந்திரப் பற்றரி ஒன்றிலிருந்து வயர் இழுத்து ஓட்டினோம். பற்றரிக்குச் சூரிய ஒளித் தகடு ஒன்றிலிருந்து மின்சாரம் ஏறும். ஏறியது இரண்டு மணித்தியாலம்தான் நிற்கும். தடை இருந்ததால் புதுப் பற்றரி அந்த நாட்களில் ஓமந்தை எல்லைக்கு இந்தப் பக்கம் வராது.

அந்த மின்சாரத்தில் பெரும் பங்கைத் தின்றது வன்தட்டு. கணினியில் இருந்தது, யாரும் உள்ளே பார்த்துத் திருத்தக்கூடியபடி தன் நிரல் முழுவதையும் கூடவே கொண்டுவந்த இயங்குதளம். மருந்துப் பெட்டி ஒன்றுக்குள் சீடி இறுவட்டாக வந்து சேர்ந்தது. அதன் நடுப்பகுதியைக் கேர்னல் என்பார்கள். நாம் தட்டச்சு செய்வதை நினைவகத்தில் வாங்கி வைத்து, வன்தட்டில் இன்ன இடத்தில் எழுது என்று கட்டளையிடுவது அதுதான். சில விநாடிக்கு ஒருதடவை அது எழுதும். ஆகவே தட்டு ஓயாமல் சுழலும். நான் அந்தப் பகுதியில் பதினொரு வரி சேர்த்தேன். எழுத வேண்டியவற்றை நினைவகத்திலேயே சேர்த்து வை, தட்டை நிறுத்து, இருபது நிமிடத்துக்கு ஒருதடவை எழுப்பி மொத்தமாக எழுது, பிறகு மறுபடி நிறுத்து.

அந்த நிரலை நான் திரையில் வாசித்துப் படிக்கவில்லை. வாசிப்பதற்கு மின்சாரத்தைச் செலவழிக்க மனம் வராது. ஓடும் நேரத்தில் வேண்டிய பக்கங்களை அவசரமாகக் கையால் எழுதி எடுத்துக்கொள்வேன். பிறகு பகல் வெளிச்சத்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு, எழுதியதை வாசிப்பேன். கடதாசியும் அருமை. கணினியில் ஏற்றி முடிந்த பிள்ளைகளின் படிவங்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில்தான் எழுதினேன். இனி அந்தப் படிவங்கள் தேவையில்லை, எல்லாம் உள்ளே இருக்கிறது என்று அலுவலகத்துக்குப் பொறுப்பான டொக்டரிடம் சொன்னவளும் நான்தான்.

மாற்றம் செய்த பிறகு பற்றரி நாலு மணித்தியாலம் நின்றது. டொக்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர். அதிகம் கதைக்கமாட்டார். அன்று என் மேசையடிக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, இதை எழுதின வெள்ளைக்காரருக்கு நீங்கள் கடிதம் போடோணும்" என்றார்.

"அவைக்கு மின்சாரம் இருக்கு டொக்டர். இது தேவைப்படாது."

அவர் சிரித்தார். எனக்குக் காது சூடேறியது. பிள்ளை பிறந்த பிறகு யாராவது என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்த முதல் நாள் அது. அந்தச் சந்தோசத்தைத்தான் பிறகு நெடுநாள் வெறுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலை. மழை பெய்யவில்லை, வெயிலும் இல்லை. மூத்த தாதி அக்கா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தா. முல்லைத்தீவுக் கரைப்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். சைக்கிளில் ஏறும்போதும் இறங்கும்போதும் சிலுவை போடுவா. கடல்காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல், வீட்டுக்குள்ளும் இறங்காது. முதல்நாள் தர்மபுரத்தில் கிளினிக் வைத்துவிட்டு வந்திருந்தா.

"என்ன பிள்ளை, உன்ர கொம்பியூட்டருக்குக் கண்ணில பூ விழுந்திட்டுதோ?"

"ஏனக்கா?"

"ஒரு பெடியன்ர பேருக்கு நேர நட்சத்திரம் போட்டிருக்கிறாய். தாய் சிரிக்கிறா. போன வருசம் அவன் முழுக் குளிசையும் குடிச்சு முடிச்சவனாம். ஒண்டும் நடக்கேல்லையாம். நித்திரையில அடிச்சனியோ, பிள்ளை பால் குடிக்கேக்கை அடிச்சனியோ?"

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிழை என் கையில் நடந்திருக்கலாம். மகள் இரவில் நித்திரை கொள்வதில்லை. பகலில் எழுத்துகள் எனக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெரிந்த நாட்கள் இருந்தன.

"பிறகு என்ன செய்தனீங்கள்?"

"பேனையால வெட்டிப்போட்டுக் குளிசையைக் குடுத்தனான். அந்தத் தாயே சொன்னவா, அது எங்களுக்கு இல்லை மிஸி, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குத்தான் அப்பிடி வந்தது எண்டு. ஊர் முழுக்கத் தெரிஞ்ச கதையாம்."

என் கால் கயிற்றை ஆட்டுவதை நிறுத்தியது. நட்சத்திரம் தானாக முளைப்பதில்லை. அந்தப் பையனுக்கு எதிரே ஒன்று வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது?

"அக்கா, அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன குடுத்தது?"

"அது மற்ற வரிசை. சின்ன மிஸிதான் பாத்தவா." சின்ன மிஸி என்பது அக்காவோடு கிளினிக்குக்குப் போகும் இளைய தாதி. அக்கா பட்டியலைப் பையிலிருந்து எடுத்து விரல் வைத்துத் தேடினா. பையனின் பெயருக்கு நேர் மேலே ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருந்தது. வயது நாலு. எதிரே ஒன்றுமில்லை. அதன் கரையில் சின்ன மிஸியின் எழுத்தில் 'கொடுத்தது' என்று இருந்தது.

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. முதல் வேளை மாத்திரையைக் கிளினிக்கிலேயே, தாதியின் கண்ணுக்கு முன்னால் விழுங்கவைப்பது எங்கள் முறை. மிச்சத்தைத் தாயிடம் கொடுத்து அனுப்புவார்கள். அப்படியென்றால் நேற்று ஒன்று, இன்று காலை இன்னொன்று.

மகள் சிணுங்கத் தொடங்கினாள். அவளைத் தூக்கிக்கொண்டு டொக்டரின் அறை வாசலில் போய் நின்றேன். தட்ட வேண்டும் என்பதும் நினைவில்லை.

"டொக்டர், பதிவேட்டில பிழை இருக்கு."

"எத்தினை பிள்ளையளுக்கு?"

"தெரியாது."

"எப்ப தெரியும்?"

"அதுவும் தெரியாது டொக்டர்."

அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. எழும்பி வெளியே வந்து, தர்மபுரத்துப் பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்படி அக்காவிடம் சொன்னார். வெளியே போயிருந்த எல்லாப் பட்டியலையும் நிறுத்தும்படி ஆளனுப்பினார். மறு தகவல் வரும்வரை எந்தப் பிள்ளைக்கும் இரண்டாவது மாத்திரை இல்லை. அக்கா சிலுவை போட மறந்து சைக்கிளில் ஏறிப் போனா. தர்மபுரம் கிட்ட இல்லை. வழியில் மழைவெள்ளம் அறுத்த தெருவும் உண்டு. நானும் போகவேண்டும்போல் இருந்தது. ஆனால் வேறு எந்தப் பிள்ளைகளின் நட்சத்திரம் தொலைந்திருக்கிறது என்பதை என்னைத் தவிர யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கணினியைப் போட்டேன். பற்றரி தளர்ந்திருந்தது. திரை மங்கலாக வந்தது. பெண்பிள்ளையின் இலக்கத்துக்குரிய குறிப்பு வெறுமை. அடுத்த இலக்கத்தில், பையனின் இடத்தில், 'சலம் கறுத்தது, இரண்டாவது மாத்திரை வேண்டாம்' என்று என் சொந்த வசனம் இருந்தது. எழுத்துகள் உடைந்திருந்தால், குப்பைக் குறிகள் கலந்திருந்தால், நான் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பேன். எல்லாம் அழகாக, முழு வசனமாக, இன்னொரு பிள்ளையின் இடத்தில் இருந்தது.

அதுவும் என் ஏற்பாட்டால் வந்ததே. பிள்ளைகளின் பெயர்கள் ஒரு கோப்பு. குறிப்புகள் இன்னொரு கோப்பு. இடத்தை வீணாக்கக்கூடாது என்று ஒவ்வொரு குறிப்பையும் வன்தட்டின் ஒரு கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கும்படி அமைத்திருந்தேன். பத்தாம் பிள்ளையின் குறிப்பு பத்தாம் கட்டத்தில் இருக்கும். அது யாருடையது என்று அந்தக் கட்டத்துக்குள் எழுதிவைக்கவில்லை. இடம்தான் அடையாளம். இடம் ஒன்று தள்ளிப்போனால் ஆளே மாறிவிடும்.

இது நான் தட்டச்சில் விட்ட பிழையாக இருந்தால் ஒரு பிள்ளையோடு போய்விடும். அப்படியே இருக்கட்டும் என்று மன்றாடினேன். பிறகு, என் கையில் பிழை இல்லாமல் இயந்திரத்தின் பிழையாக இருக்கட்டும் என்று மன்றாடினேன். எதை வேண்டுகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. பற்றரி போய்விடுமே என்ற பயத்தில் குறிப்புகள் முழுவதையும் பார்த்து எழுதிக்கொண்டு கணினியை நிறுத்தினேன்.

இனி ஒப்பிட்டுப் பார்க்கப் படிவங்கள் வேண்டும். அப்போதுதான் என் மேசைக்குக் கீழே இருந்த கட்டு நினைவுக்கு வந்தது. கேர்னலைப் பிரதி செய்து வைத்திருந்த கட்டு. ஒவ்வொரு தாளையும் மறுபக்கம் திருப்பினேன். பிள்ளைகளின் பெயர்கள், வயது, தாயின் பெயர், தாதிமாரின் கையெழுத்து. முழுவதும் இல்லை. அடுப்பு மூட்டப் போனவை போக மிச்சம் அரைவாசிக்கு மேல் இருந்தன. நிலத்தில் பாயை விரித்து இலக்கப்படி அடுக்கினேன். மகள் தவழ்ந்து வந்து ஒரு தாளைப் பிடுங்கி வாயில் வைத்தாள். நான் அதை இழுத்த வேகத்தில் அவள் வீறிட்டு அழுதாள். அவளிடம் அப்படி நான் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒப்பிட்டேன். அந்தப் பெண்பிள்ளையின் படிவம் கட்டில் இருந்தது. சிவப்பு வட்டமும் இருந்தது. அவளில் தொடங்கிய எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேரின் குறிப்புகள் ஒவ்வொரு படி கீழே இறங்கியிருந்தன. முதலாவது இடம் வெறுமை. எட்டாவது பிள்ளையின் குறிப்பு எங்குமே இல்லை. இன்னும் தள்ளிப் போனால் மறுபடி அதே மாதிரி எட்டு. பிறகு நீண்டதூரம் எல்லாம் சரி. பிறகு இன்னொரு எட்டு. தட்டச்சில் யாரும் எட்டு எட்டாகப் பிழைவிடமாட்டார்கள். கேர்னல்தான் எட்டுக் கட்டங்களை ஒரு பிடியாக வன்தட்டுக்கு அனுப்பும். அதை நான் கையால் எழுதிப் படித்திருந்தேன்.

ஏன் சில நாட்களில் மட்டும்? படிவங்களில் நான் ஏற்றிய திகதி பென்சிலில் இருந்தது. பிழைபோன எட்டுகள் மூன்று நாட்களைச் சேர்ந்தவை. அந்த மூன்று நாட்களையும் எனக்கு நினைவிருந்தது. மகளின் சீலைத்துண்டுகள் ஒன்றும் காயாமல், என் உள்பாவாடையைக் கிழித்து அவளுக்குக் கட்டிய நாட்கள் அவை. கொடியில் தொங்கிய துணி பிழிந்தபடியே ஈரமாகக் கிடந்தது. வானம் மப்பு. வெயில் இல்லை. பற்றரி ஏறவில்லை.

படிவங்களை மறுபடி மற்றப் பக்கம் திருப்பி, என் பதினொரு வரியும் இருந்த தாளை எடுத்தேன். வாசல்படியில், வெளிச்சம் விழுந்த இடத்தில் இருந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.

நிறுத்தி வைத்த வன்தட்டை எழுப்ப நேரம் எடுக்கும். கேர்னல் குறிப்பிட்ட நேரம் பொறுத்திருக்கும். பதில் வராவிட்டால், முதலில் அதை எழுதியவர்கள் வைத்திருந்த ஒழுங்கு இதுதான்: எல்லாவற்றையும் கைவிட்டு, தட்டை மீட்டமைத்து, முதலிலிருந்து தொடங்கு. அப்படி மீட்டமைக்கும்போது தட்டு மறுபடி நின்று சுழலும். அது மின்சாரச் செலவு. எனக்கு அது வீண்போலத் தெரிந்தது. ஆகவே, பதில் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறு, பிறகு அதையே தொடர்ந்து எழுது என்று மாற்றியிருந்தேன். தொடரும்போது எந்தக் குறிப்பிலிருந்து எழுதுவது என்பதை முதலாவதுக்குத் திருப்பி வைத்தேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். முதல் கட்டம் எழுதப்பட்டதாக எண்ணிக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் நின்ற கேர்னல், முதலாவது பிள்ளையின் குறிப்பை அங்கே எழுதியது. பிறகு ஒவ்வொன்றும் ஒரு படி கீழே. எட்டாவது குறிப்புக்கு அந்தப் பிடியில் இடமில்லாமல் போனது.

வெயில் நாளில் பற்றரி பலமாக இருக்கும். தட்டு நேரத்துக்கு எழும்பும். என் வரிகளுக்குள் கணினி நுழையவே நுழையாது. மப்பு நாளில்தான் தட்டு முனகி முனகிச் சுழலும். நான் மாற்றத்தைச் சோதித்தது ஒரு வெயில் நாளில். துணி நன்றாகக் காய்ந்த நாள்.

அந்த வாசல்படியில் என்னோடு யாரும் இல்லை. டொக்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இயந்திரம் பழசு, பற்றரி பழசு என்று சொன்னால் யாரும் மறுத்துக் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். இயந்திரம் பழசு என்பது பாதி உண்மை. அந்தப் பாதி எனக்குப் போதும்போல ஒரு சில நிமிடம் இருந்தது. மகள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா திரும்பி வர மத்தியானம் கழிந்துவிட்டது. முழங்கால்வரை சேறு.

"ஏத்தியாச்சு" என்றா. "உழவு இயந்திரத்தில புதுக்குடியிருப்புக்குக் கொண்டு போயிட்டினம். நான் போகேக்கையே சலம் கறுத்திட்டுது பிள்ளை. கண்ணும் மஞ்சள். தாய் அதைப் போத்தலில பிடிச்சு வைச்சிருந்தா, ஆருக்குக் காட்டுறது எண்டு தெரியாம."

"தாய் சின்ன மிஸிக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னவாவாம். என்ர பிள்ளைக்கு இது சரிவராதுங்க எண்டு சொன்னவாவாம். சின்னவள் லிஸ்டைப் பாத்திட்டு, கொம்பியூட்டரில அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு சொல்லியிருக்கிறாள். அவளையும் குற்றம் சொல்லேலாது. லிஸ்டைப் பார், லிஸ்டைப் பார் எண்டு நாங்கள்தானே பழக்கினது."

நான் அழத் தொடங்கினேன். அக்கா என் கையிலிருந்து மகளை வாங்கிக்கொண்டா.

"இப்ப அழுதா உனக்குப் பாலும் வத்திப்போம். மிச்சப் பிள்ளையளைச் சொல்லு. ஆர் ஆர்?"

நான் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். நட்சத்திரம் தொலைந்தவர்கள் அந்தப் பெண்பிள்ளையோடு மூன்று பேர். மற்ற இருவரின் ஊர்களுக்கும் பட்டியல் இன்னும் போயிருக்கவில்லை. படிவம் எரிந்துபோன பிள்ளைகளைப் பற்றி எனக்கு உறுதியில்லை. அவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்க வேண்டும் என்றேன். அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இந்தமுறை சிலுவை போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினா.

டொக்டர் வந்ததும் சொன்னேன். தாளைக் காட்டி, இந்த இடத்தில் ஒரு வரி விட்டுப்போனதால்தான் என்றேன். அவருக்கு அந்த நிரல் விளங்காது. ஆனாலும் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் பகுதி நீங்கள் சேர்த்ததோ, முதலே இருந்ததோ?"

"நான் சேர்த்தது."

"எடுத்துவிட்டா?"

"பற்றரி ரெண்டு மணித்தியாலம்தான் நிக்கும்."

"காணும், அது போதும்" என்றார். பிறகு, "பிள்ளை தப்பும் எண்டு நினைக்கிறன். நாளைக்குத்தான் சொல்லலாம்" என்றார்.

அந்த நாளைக்கும் அதற்கு அடுத்த நாளைக்கும் நான் என்ன சமைத்தேன், என்ன உண்டேன் என்று நினைவில்லை. மகளின் சீலைத்துண்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தேன். அவளுக்கு அந்த மாத்திரை யாரும் கொடுக்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். கணவர், "விடும்" என்றார். விடமுடியவில்லை.

பதினொரு வரியையும் எடுத்தேன். எடுத்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. மப்பு நாளொன்று வரும்வரை காத்திருந்து, வேண்டுமென்றே பற்றரியைத் தளரவிட்டு, வெறுமையான இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டம் கட்டமாக இலக்கம் எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்தேன். தட்டு முனகியது. டிக் சத்தம் வரத் தாமதமாகியது. இலக்கங்கள் தத்தம் இடத்தில் இருந்தன. மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். பிறகு ஒவ்வொரு குறிப்புக்குள்ளும் பிள்ளையின் இலக்கத்தையும் எழுதவைத்தேன். இடமும் இலக்கமும் பொருந்தாவிட்டால் பட்டியல் அச்சாகாது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஒவ்வொரு கட்டத்திலும் சில எழுத்துகள் மிச்சமாகும் என்று செய்யாமல் விட்டேன்.

பட்டியலின் தலைப்புக்குக் கீழே ஒரு வசனமும் சேர்த்தேன். தாய் சொல்வது பட்டியலுக்கு மாறாக இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும். டொக்டர் அதை வாசித்துவிட்டு, அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

நாலாம் நாள் அக்கா, "பிள்ளை எழும்பி இருக்குதாம். போய்ப் பார்" என்றா. மகளைத் தூக்கிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று வசனம் கட்டிக் கட்டி அழித்தேன்.

பெண்பிள்ளை கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கையில் ஊசிபோட்ட இடத்தில் பஞ்சு. முகம் வெளிறி, உதடு வரண்டு, கண்ணில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது. என் மகளைக் கண்டதும் விரலை நீட்டினாள். தாய் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகள். என்னைவிட ஓரிரு வயது குறைவாகத்தான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

மகளை மற்ற இடுப்புக்கு மாற்றினேன்.

"தெரிஞ்சும் குடுத்துட்டேங்க. போன தடவ கறுப்பா போனத நாந்தான பாத்தேன். மிஸி கொம்பியூட்டர்ல இல்லன்னாங்க. நமக்குத்தான் ஞாபகம் தப்போன்னு நெனச்சேன். காலையில என் கையாலதான் ரெண்டாவது மாத்திரைய குடுத்தேன். வேணாம்னு அழுதா. அதட்டிக் குடுத்தேன்."

"பிழை உங்களில இல்லை" என்றேன். "நான் எழுதினதிலதான் பிழை. உங்கட பிள்ளைக்குப் போட்ட குறி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போயிட்டுது. என்னாலதான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நான் சொன்னது சரிதானுங்களா?"

"ஓம். நீங்கள் சொன்னது சரி."

"எனக்கு ஞாபகம் தப்பலீங்களே?"

"இல்லை. தப்பேல்லை."

அவர் மகளின் கட்டில் விளிம்பில் இருந்தார். முகத்தைச் சேலையால் துடைத்தார். நான் பையைத் திறந்து, கொண்டுபோயிருந்த தாளைக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் படிவம். பெயரும், தாய் சொன்னதாகத் தாதி எழுதிய வசனமும், சிவப்பு வட்டமும் இருந்தன. அவருக்கு எழுத்துத் தெரியாது. வட்டத்தைக் காட்டி, இனி யார் மாத்திரை தந்தாலும் முதலில் இதைக் காட்டுங்கோ என்றேன். அவர் விரலால் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார்.

"இந்தப் பக்கம் என்னங்க எழுதியிருக்கு?"

என் கையெழுத்தில் கேர்னலின் ஒரு பக்கம். அது எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

"அது எனக்கு எழுதினது" என்றேன். "அதை ஆரும் வாசிக்கத் தேவையில்லை."

அவர் தாளை வட்டம் வெளியே தெரியும்படி மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளை என் மகளின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.